இடுப்பும் தோளும்

எனக்கும் கோல்ஃப் விளையாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் ஏற்படும் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால், அந்த ஜோசியருக்கு நான் தட்சிணை கொடுத்திருக்க மாட்டேன். கும்பகோணத்துத் தெருவில் கிட்டிப்புள் ஆடி, அதிலும் தோற்று, பிறகு வேறு வழியில்லாமல் கதை எழுத வந்தவன் நான். அப்படிப்பட்டவன் எழுபத்திரண்டாவது வயதில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், மனிதர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகப் பந்துகளைக் காலி மைதானத்தை நோக்கி அடித்துக்கொண்டிருப்பதை ஒரு கோடை முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மகன்.

சனிக்கிழமை தோறும் அவனுக்குக் கோல்ஃப் பாடம். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். சொல்லிக் கொடுப்பவர் வயதானவர். முழங்காலில் பட்டை கட்டியிருப்பார். அதிகம் பேசமாட்டார். மாணவன் பத்துப் பந்து அடிக்கும் வரை கைகட்டி நிற்பார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். எழுத்தாளர்களுக்கும் இப்படி ஒரு வாத்தியார் கிடைத்தால் எவ்வளவோ காகிதம் மிச்சமாகும்.

முதல் சனிக்கிழமை என் மகன் அடித்த பந்துகள் எல்லாம் நேராகப் புறப்படுவதுபோல் புறப்பட்டு, பாதி வழியில் மனம் மாறி, வலப்பக்கமாக வளைந்து போய் விழுந்தன. பத்தாவது பந்துக்குப் பிறகு கிழவர் சொன்னார்: "உன் தோள் அவசரப்படுகிறது. இடுப்புக்கு முன்னால் போகப் பார்க்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். நான் முப்பது வருஷமாக அவனிடம் சொல்லி வந்ததை ஒரு வெள்ளைக்காரர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் அல்லவா? மூத்தது இருக்கும்போது இளையது முந்திக்கொள்ளக் கூடாது, பொறுமை வேண்டும். திரும்பி வரும்போது காரிலும் இதையே சொன்னேன்.

"அவர் தோளைப் பற்றித்தான் அப்பா சொன்னார், என்னைப் பற்றி இல்லை" என்றான் என் மகன். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இந்த விஷயம் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அவன் அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்துப் படித்தேன். விளையாட்டுப் புத்தகம் படிப்பது எனக்கு வழக்கமில்லை. ஆனால் மனிதன் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்வது எப்படி என்று எவன் எழுதினாலும் அது நம்முடைய விஷயம்தானே?

விஷயம் இதுதான். மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோவது ஒரு பாதி, கீழே இறக்கிப் பந்தை அடிப்பது மறுபாதி. மேலே கொண்டுபோகும்போது தோள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்புகிறது. முதுகு பந்து போகவேண்டிய திசையைப் பார்க்கிறது. இடுப்பு அதில் பாதிதான் திரும்பும், சுமார் 45 டிகிரி. இதுவரை எல்லாருக்கும் வரும். கஷ்டம் இறங்கும்போதுதான். மட்டை கையில் இருக்கிறது, கை தோளில் இருக்கிறது. ஆகையால் தோளையும் கையையும் கொண்டு ஓங்கி அடிக்க வேண்டும் என்றுதான் எவனுக்கும் தோன்றும். அப்படி அடித்தால் மட்டை வெளிப்பக்கமாகப் போய், பந்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வரும். பந்து சுழன்று வலப்பக்கம் ஓடிவிடும். என் மகனுக்கு நேர்ந்தது அதுதான்.

தேர்ந்த ஆட்டக்காரன் கீழேயிருந்து தொடங்குகிறான். வலக்கைக்காரனாக இருந்தால், மட்டை இன்னும் மேலே போய் முடிவதற்குள்ளாகவே அவனுடைய இடது பாதத்தில் பாரம் இறங்கிவிடுகிறது. இடுப்பு முன்பக்கம் திரும்பத் தொடங்கிவிடுகிறது. ஒரு கண நேரம் மேல் உடம்பு பின்னே போய்க்கொண்டிருக்கிறது, கீழ் உடம்பு முன்னே வந்துகொண்டிருக்கிறது. ஈரத் துணியைப் பிழிகிறவள் ஒரு கையை இப்படியும் மறு கையை அப்படியும் திருப்புகிறாளே, அந்த மாதிரி நடு உடம்பு முறுக்கிக்கொள்கிறது. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள இந்த இடைவெளியை ஜிம் மக்லீன் என்ற ஆசிரியர் 1992இல் ஒரு கட்டுரையில் விவரித்து, அதற்கு 'எக்ஸ் ஃபாக்டர்' என்று பெயரும் வைத்தார். அதற்குப் பிறகு அளவெடுக்கிற கருவிகளோடு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் அளந்து சொன்னதைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் இடுப்பு உச்ச வேகத்தை அடைகிறது: நொடிக்குச் சுமார் 500 டிகிரி. அடைந்தவுடன் அது வேகம் குறைகிறது. அது குறையும்போது தோள் அதைவிட அதிகமான வேகத்தை எட்டுகிறது. பிறகு தோள் குறைகிறது, கை ஏறுகிறது. கை குறைகிறது, மட்டை ஏறுகிறது. மட்டையின் சுழற்சி நொடிக்கு 2000 டிகிரிக்கும் மேல் போய், அதன் தலை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைத் தொடுகிறது. ஒவ்வொன்றும் தான் தொடங்கி வைத்ததை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தளர்கிறது. மாட்டுக்காரன் சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடி சட்டென்று நின்று நுனி சீறுகிறதல்லவா, அந்தக் கதைதான். காவேரியில் வீச்சு வலை போடுகிறவர்களைச் சின்ன வயதில் படித்துறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவர்களும் இடுப்பிலிருந்துதான் வீசுவார்கள். இடுப்பு நின்ற பிறகுதான் வலை பூவாக விரியும்.

ஒன்றைச் சொல்ல மறக்கக் கூடாது. இடுப்பு தளர்கிறது என்றால் நின்றுவிடுகிறது என்று அர்த்தமில்லை. பந்தைத் தொடும் வேளையிலும் அது திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒதுங்கிப் போய்விட்ட இடுப்பின் மேல் எந்தத் தோளும் நிற்காது.

இரண்டாவது சனிக்கிழமை என் மகனுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் அடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், இடுப்பை அவர் திருப்பிய வேகத்தைப் பார்த்தால் நாற்பது வயது என்று சொல்லலாம். ஆனால் பந்து ஒரு தடவை வலப்பக்கம் போயிற்று, ஒரு தடவை இடப்பக்கம் கொக்கி போட்டது. கிழவர் கைகட்டி நின்று பார்த்தார். பிறகு அவரிடம் சொன்னார்: "உங்கள் இடுப்பு சரியாகத் தொடங்குகிறது. ஆனால் விடமாட்டேன் என்கிறது. அதுவே போய்க்கொண்டிருந்தால் கை எப்போது வரும்? பின்னாலேயே மாட்டிக்கொண்டு தவிக்கிறது, பாருங்கள்."

அவர் சொன்னது அந்த மனிதரிடம். நான் ஏன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. என் மகன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் என்னைவிடக் கண்ணியமானவன்.

அன்று இரவு எனக்கு என் தகப்பனாரின் ஞாபகம் வந்தது.

என் தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். வீட்டின் முன்கட்டில் டிரெடில் இயந்திரம். அதற்கு அடுத்த அறையில் எழுத்துப் பெட்டிகள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், தேர்தல் வந்தால் சுவரொட்டி. ஒன்றுமில்லாத இடத்தில் அதை அவர் உண்டாக்கினார். காகித அறை, மேஜை, இரும்புப் பெட்டி எல்லாவற்றின் சாவியும் ஒரே கொத்தாக அவருடைய இடுப்பில், அரைஞாணில் தொங்கும். அவர் நடந்து வருவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

என் அண்ணன் பதினேழு வயதில் அந்த அச்சகத்துக்குள் போனான். எழுத்துக் கோத்தான், புரூஃப் திருத்தினான், இயந்திரத்தை மிதித்தான். ஒரு ரீம் காகிதம் வேண்டுமானால் அப்பாவிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். அவர் எழுந்து வந்து, தாமே திறந்து, தாமே எண்ணிக் கொடுத்துவிட்டுப் பூட்டுவார். என் அண்ணனுக்கு நாற்பது வயதானபோதும் அப்படித்தான், ஐம்பது வயதானபோதும் அப்படித்தான். என் தகப்பனார் 1987இல், எண்பத்திரண்டாவது வயதில் காலமானார். சாவிக்கொத்து அண்ணனிடம் வந்தபோது அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. அதற்குள் ஊரில் ஆஃப்செட் அச்சு வந்துவிட்டது. புதிய இயந்திரம் வாங்கலாமா, கடன் வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம் என்று அவன் எனக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினான். தீர்மானம் என்பதை அவன் ஒரு நாளும் தனியாகச் செய்து பழகியதில்லை. இரண்டு வருஷத்தில் டிரெடிலைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டான்.

நான் தப்பித்தவன். இருபது வயதில் அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு மதராசுக்கு ரயில் ஏறினேன். அவசரப்பட்ட தோள் என்று கிழவர் சொல்லியிருப்பார். என் பந்தும் ரொம்ப நாள் வலப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இத்தனை வருஷங்களாக இந்த விஷயத்தில் என் தீர்ப்பு ஒன்றுதான். குற்றவாளி என் தகப்பனார். அதைக் கொஞ்சம் கலைத்துப்போட்டது கோல்ஃப் புத்தகம்தான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இடுப்பு ஏன் தளர்கிறது என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் ஒரு தகராறு இருக்கிறது. ஒரு கட்சி சொல்கிறது: இடுப்பு தானாகவே பிடித்து நிறுத்திக்கொள்கிறது; காலின் தசைகள் கடிவாளம் போடுகின்றன; அதனால்தான் வேகம் தோளுக்குப் போகிறது. இன்னொரு கட்சி சொல்கிறது: அப்படியில்லை, தோள் இடுப்பை உதைத்துக்கொண்டு முன்னே பாய்கிறது, அந்த உதைப்பினால்தான் இடுப்பு தளர்கிறது. பரிசலிலிருந்து கரைக்குத் தாவுகிறவன் பரிசலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தாவுகிறான். பரிசல் மனமுவந்து பின்வாங்கவில்லை. நியூட்டனுடைய மூன்றாவது விதி அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது, எது எவ்வளவு என்பதில்தான் வழக்கு என்று சொல்கிற நடுநிலைக்காரர்களும் இருக்கிறார்கள்.

கொடுத்ததனால் வாங்கினானா, வாங்கினதனால் கொடுத்தவனானானா? நம்முடைய நாட்டில் கொடுக்கிறவனைப் பற்றி எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறார்கள். தியாகம் என்றால் கொடுப்பவனுடைய குணம். மகன் பொறுமையாக இருக்க வேண்டும், தகப்பன் காலம் பார்த்துக் கொடுக்க வேண்டும். சரிதான். ஆனால் கேட்டு வாங்குவதையும் ஒரு கடமையாக நாம் எங்கேயாவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? நம் வீடுகளில் கேட்காத பிள்ளை நல்ல பிள்ளை. அப்பாவின் காலத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. என் அண்ணன் அந்த அளவுகோலின்படி தங்கமான பிள்ளை.

இரண்டு பேச்சுகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பத்து வருஷம். அதனால்தானோ என்னவோ ஒன்றோடு ஒன்றை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

1979இல் ஊருக்குப் போயிருந்தபோது, மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டேன்: "அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கக் கூடாதா?"

அவர் ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார். "அவன் ஒரு நாளாவது கேட்டானா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. வேண்டாம் என்று இருக்கிறவன் இடுப்பில் கொண்டுபோய்க் கட்டச் சொல்கிறாயா?" என்றார்.

1989இல், டிரெடிலை ஏற்றிக்கொண்டு லாரி போன பிறகு, காலியான முன்கட்டில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தரையில் இயந்திரம் இருந்த இடம் மட்டும் எண்ணெய்க் கறையாக இருந்தது. "நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணா" என்றேன்.

"அவர் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன்" என்றான்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருவரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்பா பிடிவாதக்காரர் என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன். என் நாவல் ஒன்றில் அவரை அப்படித்தான் வரைந்திருக்கிறேன், விமரிசகர்கள் பாராட்டவும் செய்தார்கள். இப்போது எழுதினால் அவ்வளவு நிச்சயமாக எழுத எனக்குக் கை வராது.

மகனுடைய தவற்றுக்கு வருகிறேன். மூன்றாவது, நான்காவது வாரங்களில் அவன் தோளை அடக்கப் படாதபாடு பட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு தோளைப் பிடித்து வைப்பான். பந்து இன்னும் மோசமாகப் போயிற்று. இறங்குகிற வீச்சு முழுவதும் கால் நொடிக்குள் முடிந்துவிடுகிறது. கண் ஒன்றைக் கண்டு கை அசைவதற்கே ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். ஆகவே, வீச்சின் நடுவில் "தோளே, பொறு" என்று கட்டளை பிறந்து போய்ச் சேருவதற்குள் பந்து பறந்துவிடும். 1999இல் கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் புதிதாகக் கோல்ஃப் கற்றுக்கொள்பவர்களை வைத்துப் பரீட்சை செய்தார்கள். தன் கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் நன்றாக அடித்தார்களாம். தன்னையே கண்காணித்துக்கொள்கிறவன் தடுமாறுகிறான். எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிழவர் தோளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். "தோளை மறந்துவிடு. மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை ஊன்று. வேறொன்றும் செய்யாதே" என்றார். என் மகன் அப்படியே செய்தான். ஐந்தாறு பந்து தரையிலேயே உருண்டது. ஏழாவதோ எட்டாவதோ, அவன் ஒன்றுமே செய்யாதவன்போல் வீசினான். ஒரு சத்தம் கேட்டது. மற்ற பந்துகளின் சத்தம் மாதிரி இல்லை, தேங்காய் ஒரே அடியில் இரண்டாகப் பிளக்கும்போது வருமே, அந்த மாதிரி. பந்து நேராகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.

தோள் அவசரப்பட்டது அதன் துடுக்குத்தனத்தால் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கீழேயிருந்து ஒன்றும் வராதபோது யாராவது ஆரம்பிக்க வேண்டுமே என்று அது ஆரம்பித்துவிடுகிறது. முப்பது வருஷமாக நான் மகனிடம் பொறுமை, பொறுமை என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஊன்றி நிற்பதற்கு நான் எப்போது என்ன கொடுத்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். பட்டியல் அவ்வளவு நீளமாக இல்லை. அவன் படித்த படிப்பு அவனே தேடிக்கொண்டது. நான் அந்த வருஷங்களில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அவன் வீட்டுக்குப் போகிற வழியில் மெரியன் என்ற பழைய கோல்ஃப் மைதானம் இருக்கிறது. தனியார் சங்கம், நம்மை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் ஆர்ட்மோர் அவென்யூ என்ற சாலை அதன் நடுவிலேயே போகிறது. காரில் இருந்தபடியே இரண்டு பக்கமும் பச்சையைப் பார்க்கலாம். அங்கே போகும்போதெல்லாம் என் மகன் பென் ஹோகனைப் பற்றிச் சொல்வான்.

இறங்கும் வீச்சை இடுப்புதான் தொடங்க வேண்டும் என்று ஹோகன் 1957இல் ஒரு புத்தகத்தில் அடித்துச் சொன்னார். ஆன்டனி ரவியெல்லி வரைந்த படங்களோடு வந்த அந்தப் புத்தகம்தான் என் மகன் அலமாரியில் முதலில் என் கைக்குக் கிடைத்தது. அதில் இல்லாத ஒரு விஷயத்தை அவன் சொன்னான். 1949 பிப்ரவரி 2ஆம் தேதி, டெக்ஸாஸில் வான் ஹார்ன் என்ற ஊருக்கருகே, பனிமூட்டத்தில், எதிரே வந்த பஸ் ஒன்று முன்வண்டியை முந்தப் பார்த்து ஹோகனுடைய காரில் நேருக்கு நேர் மோதியது. மோதுகிற அந்தக் கணத்தில் ஹோகன் பக்கத்தில் இருந்த மனைவியைக் காப்பாற்ற அவள் மேல் குறுக்கே பாய்ந்தார். ஸ்டியரிங் தண்டு அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. பாயாதிருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். அவளுக்கு அதிகம் காயமில்லை. அவருக்குக் காறை எலும்பு, கணுக்கால், விலா எலும்பு எல்லாம் முறிந்தன. இடுப்பெலும்பும் முறிந்தது.

பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், இதே மெரியன் மைதானத்தில், கால்களில் துணி சுற்றிக்கொண்டு அவர் அமெரிக்க ஓபன் பந்தயத்தை ஆடினார். கடைசி நாளில் ஒரே நாளில் 36 குழிகள் ஆட வேண்டும். நடந்து முடித்தார். மூவர் சமமாக நின்றார்கள். மறுநாள் மறுபடியும் ஆடி ஜெயித்தார். அதற்கு ஏழு வருஷத்துக்குப் பிறகுதான் இடுப்பு தொடங்க வேண்டும் என்று எழுதினார். ஒடிந்து ஒட்டிய இடுப்பை வைத்துக்கொண்டு எழுதிய வாக்கியம் அது என்று தெரிந்த பிறகு புத்தகத்தை நான் இன்னொரு முறை படித்தேன்.

எனக்குப் பெரிதாகப் பட்டது பந்தயம் இல்லை, அந்தப் பாய்ச்சல்தான். கால் நொடியும் இருந்திருக்காது. யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது, யோசிக்க நேரமேது? அவள் மேல் பாய வேண்டும் என்ற முடிவை அவர் அந்தச் சாலையில் எடுக்கவில்லை. எப்போதோ, சில்லறை நாட்களில், அடுப்படியிலும் கடைத்தெருவிலும், யாருக்கும் தெரியாமல் எடுத்திருப்பார். கொடுப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. என் தகப்பனார் ஒரு நல்ல நாள் பார்த்து, ஒரு பெரிய மனத்தோடு, சாவிக்கொத்து முழுவதையும் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் இவ்வளவு நாளும் கற்பனை செய்திருந்தேன். அது கதாசிரியனுடைய கற்பனை. அண்ணனுக்கு இருபது வயதில் காகித அறைச் சாவி ஒன்றைக் கொடுத்திருந்தால் போதும். இருபத்தைந்தில் மேஜைச் சாவியை அவனே கேட்டிருப்பான்.

கும்பகோணத்து வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது. அண்ணனுக்குக் குழந்தைகள் இல்லை. பூட்டியே கிடக்கிறது. போன வருஷம் என் மகன் தொலைபேசியில், "அப்பா, அந்த வீட்டைச் செப்பனிட்டு, முன்கட்டை ஏதாவது நல்ல காரியத்துக்கு உபயோகப்படுத்தலாமா? செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். "பார்க்கலாம்" என்றேன். இந்த வார்த்தையை என் தகப்பனார் எப்படி உச்சரிப்பாரோ அப்படியே உச்சரித்தேன் என்று என் மனைவி அப்புறம் சொன்னாள்.

நாளை மறுநாள் எனக்கு விமானம். நேற்று இரவு அவன் என் பெட்டியை எடை போட வந்தான். இருபத்துமூன்று கிலோவுக்கு மேல் இருந்தால் விமானத்தில் தகராறு செய்வார்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடியில் என்ன அப்பா, இரும்பு மாதிரி?" என்றான்.

"கும்பகோணத்துச் சாவி" என்றேன். "யாரிடமும் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை."

அவன் சட்டைகளை விலக்கி அதை எடுத்தான். பித்தளை வளையத்தில் பதினோரு சாவிகள். அதில் ஏழுக்குப் பூட்டே கிடையாது. உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை எடை பார்த்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவனும் ஏதோ கேட்கப்போகிறவன்போல் இருந்தான்.

பிறகு அதைச் சத்தம் வராமல் ஒரு துண்டில் சுற்றி, முன்பு இருந்த இடத்திலேயே வைத்து, பெட்டியை மூடித் தராசில் ஏற்றினான்.

"22.5" என்றான். "சரியாக இருக்கிறது, அப்பா."